பேய்க்குச் சம்மன் அனுப்ப முடியாது: நீதிமன்றத் திகில் படம், ஓர் எளிய விளக்கம்

நீதிமன்றப் படத்துக்கும் பேய்ப் படத்துக்கும் ஜென்மப் பகை. நீதிமன்றம் எதையும் வெளிச்சத்தில் வைத்துத்தான் கேட்கும். யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு தொலைவிலிருந்து என்று துருவும். பேய்ப் படத்துக்கு அந்த வெளிச்சமே ஆகாது. இப்படித் துருவத் தொடங்கினால் பயம் கலைந்துவிடும். இந்த இரண்டையும் ஒரே கதைக்குள் உட்கார வைத்த படம்தான் 2005-இல் அமெரிக்காவில் வெளியான ‘தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்’. இயக்கியவர் ஸ்காட் டெரிக்சன். சுமார் 1.9 கோடி டாலரில் எடுக்கப்பட்ட அந்தப் படம் உலகெங்கும் 14 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. திகில் படத்துக்கு அது பெரிய தொகை. ஆனால் வசூலைவிட, படம் எழுப்பிய கேள்விக்காகத்தான் அது இன்றும் பேசப்படுகிறது. பேய் பிடித்ததாகச் சொல்லப்படும் ஒரு பெண் இறந்துபோகிறாள். சட்டத்தின் முன் யார் பொறுப்பு?

இந்தக் கேள்வியைச் சட்டம் எப்படிக் கையாளும், சினிமா எப்படிக் கையாளும் என்ற வேறுபாடு தெரிந்துவிட்டால், இந்த வகைப் படங்களைப் பார்க்கும் விதமே மாறிவிடும். படத்தின் முடிவு உட்படக் கதையைச் சொல்லித்தான் விளக்க முடியும். இன்னும் பார்க்காதவர்கள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

படம் தொடங்கும்போதே எமிலி இறந்துவிட்டாள். ஒதுக்குப்புறமான பண்ணை வீட்டுக்கு வரும் மரண விசாரணை அதிகாரி, இதை இயற்கை மரணம் என்று தன்னால் சொல்ல முடியாது என்கிறார். அவளுக்குப் பேயோட்டும் சடங்கு நடத்திய பாதிரியார் மூர் கைதாகிறார். அவருக்காக வாதாட, அவர் சார்ந்த கத்தோலிக்கத் திருச்சபை நிர்வாகமான உயர்மறைமாவட்டம் எரின் ப்ரூனர் என்ற வழக்கறிஞரை அமர்த்துகிறது. கடவுள் உண்டா இல்லையா என்று தன்னால் சொல்ல முடியாது என்கிற ரகம் அவர். தன் சட்ட நிறுவனத்தில் பங்குதாரர் ஆவதுதான் அவருடைய கனவு. எதிரே அரசுத் தரப்பில் நிற்கும் ஈதன் தாமஸோ தேவாலயத்தோடு நெருக்கமான மெதடிஸ்ட் கிறிஸ்தவர். ஆக, நம்பிக்கையின் பக்கம் நின்று வாதாடுபவர் சந்தேகி, அறிவியலின் பக்கம் நின்று வாதாடுபவர் பக்தர். கதாசிரியர்கள் இருவருமே இப்படித்தான் என்பது சுவையான செய்தி. டெரிக்சன் கிறிஸ்தவ நம்பிக்கையாளர். உடன் எழுதிய பால் ஹாரிஸ் போர்ட்மன் அவரைவிடச் சந்தேகப் பார்வை கொண்டவர்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனையைக் குறைக்கலாம் என்ற பேரத்தைப் பாதிரியார் மறுத்துவிடுகிறார். சிறையைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. எமிலிக்கு என்ன நேர்ந்தது என்பதை ஊரறியச் சொல்ல வேண்டும், அதற்குச் சாட்சிக் கூண்டு வேண்டும், அவ்வளவுதான்.

குற்றச்சாட்டு என்ன?

திரையரங்கில் பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் இடம் இது. பாதிரியார்மீது உள்ள குற்றச்சாட்டு கொலை இல்லை, மோசடியும் இல்லை. கவனக்குறைவால் மரணம் விளைவித்தது. இந்தக் குற்றத்துக்குக் கொல்லும் எண்ணம் தேவையில்லை. பாசத்தோடு செய்திருந்தாலும் குற்றம் குற்றம்தான்.

சட்டம் இதில் அடிப்படையில் மூன்றைப் பார்க்கும். இறந்தவரைக் காக்கும் கடமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருந்ததா என்பது முதலாவது. ஒரு நோயாளியை ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பொறுப்பேற்றவருக்கு அந்தக் கடமை வந்துவிடும். சாதாரண விவேகம் உள்ள ஒருவர் அதே இடத்தில் எடுத்திருக்கக்கூடிய எச்சரிக்கையை அவர் எடுத்தாரா என்பது அடுத்தது. அந்தத் தவறினால்தான் மரணம் நேர்ந்ததா என்பது கடைசி. சரியான நேரத்தில் மருத்துவரை அழைத்திருந்தாலும் அவள் இறந்திருப்பாள் என்றால் வழக்கு பலவீனமாகிவிடும்.

இந்த மூன்றில் எங்காவது ‘பேய் உண்டா?’ என்ற கேள்வி வருகிறதா? வரவில்லை. பேயே பிடித்திருந்தாலும் உடம்புக்குச் சோறும் தண்ணீரும் வேண்டும். சாப்பாடு இறங்காமல் ஒரு பெண் எலும்பும் தோலுமாகிக்கொண்டிருக்கும்போது மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்களா என்று கேட்பதற்கு இறையியல் அறிவு எதுவும் தேவையில்லை. படத்தில் இந்த எளிய கேள்விக்குக் கிடைக்க வேண்டிய அழுத்தம் கிடைக்கவில்லை என்பது என் குறை. பேய் உண்டா என்பதிலேயே இரு தரப்பும் மல்லுக்கட்டுகின்றன. அரசுத் தரப்புகூட அந்தக் களத்துக்கு வந்து மாட்டிக்கொள்கிறது.

சந்தேகத்தின் பலன்

‘ஆயிரம் குற்றவாளிகள் தப்பிக்கலாம், ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது’ என்ற வாசகம் நமக்குப் பழக்கமானது. கிரிமினல் வழக்கில் நிரூபிக்கும் சுமை முழுவதும் அரசுத் தரப்பின் தலையில்தான் இருக்கும். நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். எதிர்த் தரப்பு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகத்தைக் கிளப்பினால் போதும்.

ப்ரூனர் இந்தச் சந்துக்குள்தான் பேயைக் கொண்டுவருகிறார். பேய் இருக்கிறது என்று அவர் நிரூபிக்க முயல்வதில்லை. இருக்கச் சாத்தியமே இல்லை என்று ஜூரிகளால், அதாவது தீர்ப்புச் சொல்ல உட்கார வைக்கப்பட்ட பொதுமக்களால், அடித்துச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார். புத்திசாலித்தனமான நகர்வு. ஆனால் சட்டம் சொல்வது ‘நியாயமான’ சந்தேகம். எதுவும் சாத்தியம்தானே என்ற பொதுப்படையான ஐயம் அதில் சேராது. சாட்சியத்திலிருந்து முளைத்த ஐயமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘திருடியது நானில்லை, என்னைப் போலவே உருவம் எடுத்த பூதம்’ என்று சொல்லி எவரும் வெளியே வந்துவிடலாம்.

அவருடைய இன்னொரு வாதம் சட்டத்தின் மொழியிலேயே பேசுகிறது. அதற்காக அழைக்கப்படும் மானுடவியலாளர் டாக்டர் அடானி, எமிலிக்குக் கொடுக்கப்பட்ட வலிப்பு மருந்துதான் சடங்கு பலிக்காமல் தடுத்தது என்கிறார். சடங்கு மூளையில் உண்டாக்க வேண்டிய அதிர்வை மருந்து மழுக்கிவிட்டதாம். அதாவது மரணத்துக்குக் காரணம் மருத்துவத்தைக் கைவிட்டதில் இல்லை, மருத்துவத்தில்தான். ஏற்கிறோமோ இல்லையோ, மூன்றாவது கேள்வியான ‘எதனால் மரணம்’ என்பதற்கு இது நேரடியான எதிர்வாதம். படத்தில் வரும் காம்புட்ரால் என்ற மருந்து கற்பனை. ஆனால் வாதம் கற்பனை இல்லை. ஃபெலிசிடாஸ் குட்மன் என்ற மானுடவியலாளர் 1981-இல் வெளியிட்ட நூலில் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். அவர் எழுதியது ஓர் உண்மைப் பெண்ணைப் பற்றி.

கேமரா என்னும் சாட்சி

உண்மைக் கதைக்குப் போவதற்கு முன் படத்தின் தந்திரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எமிலி உயிரோடு வரும் காட்சிகள் ஏறக்குறைய எல்லாமே யாரோ ஒருவரின் சாட்சியமாக விரிகின்றன. பாதிரியார் சொன்னால் அவர் சொன்னபடி, மருத்துவர் சொன்னால் அவர் சொன்னபடி. விடுதியில் நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்கு அவளுக்கு நேர்வதை ஒரு தரப்பு பேயின் தாக்குதல் என்கிறது. மறு தரப்பு அதையே வலிப்பு என்றும் மனப்பிறழ்வு என்றும் படிக்கிறது. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு வாசிப்பு.

கேட்பதற்குச் சமநீதி போலத் தோன்றும். ஆனால் பேய்த் தரப்புக் காட்சிகளுக்கு இருட்டு, இசை, ஓலம், எமிலியாக வந்து, எலும்பு முறுக்குவது போல உடல் வளையும் ஜெனிஃபர் கார்பென்டரின் அசாத்திய நடிப்பு எல்லாம் கிடைக்கின்றன. மருத்துவத் தரப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் கோட்டு போட்ட ஒருவரின் நிதானமான குரல். பார்வையாளர் தன்னை ஜூரி என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் ஒரு தரப்புச் சாட்சி மட்டும் அவருடைய நாடித்துடிப்போடு பேசிக்கொண்டிருக்கிறது. பார்த்தது எதுவும் மனதைவிட்டு எளிதில் போகாது. ‘இது பாதிரியார் சொன்னது மட்டுமே’ என்று நமக்கு நாமே நினைவூட்டிக்கொள்வதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும்.

களஞ்சியத்தில் நடக்கும் சடங்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எமிலியின் வாயிலிருந்து பல குரல்கள் பழைய மொழிகளில் பேசுகின்றன. ஒலிநாடா நீதிமன்றத்தில் போடப்படுகிறது. அந்த மொழிகளை அவள் படிப்பிலும் மறைக்கல்வி வகுப்பிலும் கற்றிருக்க வாய்ப்புண்டு என்று தாமஸ் குறுக்கு விசாரணையில் அமைதியாக எடுத்துக் காட்டுகிறார். வாதமாக அது வலுவானது. ஆனால் சில நிமிடங்களுக்கு முன்பு பார்த்த களஞ்சியத்தை அந்த ஒரு வாக்கியம் அழித்துவிடுமா? வாதத்தில் வென்றும் காட்சியில் தோற்பதுதான் இந்தப் படத்தில் அறிவியல் தரப்பின் விதி.

கிளிங்கன்பர்க்கில் நடந்தது

எமிலிக்கு மூலம் அனலீஸ் மிஷெல். 1952-இல் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் பிறந்து, மைன் ஆற்றங்கரையில் உள்ள கிளிங்கன்பர்க் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். ஆழ்ந்த கத்தோலிக்கக் குடும்பம். பதினாறு வயதில் முதல் வலிப்பு வந்தது. மருத்துவர்கள் மூளையின் பக்கவாட்டுப் பகுதியிலிருந்து எழும் வலிப்பு நோய் என்று கண்டறிந்தார்கள். ஆண்டுக்கணக்கில் மருந்து எடுத்தார். வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து படித்தார். ஆனால் கோர முகங்கள் தெரிவதும், ‘நீ நரகத்துக்குத்தான் போவாய்’ என்ற குரல்கள் கேட்பதும் நிற்கவில்லை. சிலுவையையும் புனிதப் பொருட்களையும் பார்க்கச் சகிக்கவில்லை. பேய்தான் என்று குடும்பமும் அவரும் முடிவுக்கு வந்தார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையில் பேயோட்டும் சடங்கை நினைத்த குரு நினைத்த நேரத்தில் நடத்த முடியாது. ஆயரின், அதாவது பிஷப்பின், வெளிப்படையான அனுமதி கட்டாயம். 1614-ஆம் ஆண்டுச் சடங்கு நூலே, ஒருவருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என்றுதான் குருவுக்கு முதலில் சொல்கிறது. சடங்கில் அதற்குப் பிறகுதான் தீர்த்தமும் செபமும். அனலீஸ் விஷயத்திலும் முதலில் மறுப்புதான் வந்தது. 1975 செப்டம்பரில் வூர்ட்ஸ்பர்க் ஆயர் யோசஃப் ஸ்டாங்கல் அனுமதி அளித்தார். ரகசியமாக நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. எர்ன்ஸ்ட் ஆல்ட், ஆர்னோல்ட் ரென்ட்ஸ் என்ற இரு குருக்கள் பத்து மாதங்களில் 67 முறை சடங்கு நடத்தினார்கள். பல அமர்வுகள் ஒலிநாடாவில் பதிவாயின. லூசிஃபர், காயீன், யூதாஸ், நீரோ என்று பேசிய பேய்களின் பட்டியலில் ஹிட்லரும் இருந்தார். போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் வளர்ந்த ஒரு பெண்ணின் மனதைப் பற்றி அந்த ஒரு பெயர் எவ்வளவோ சொல்கிறது. அமெரிக்கப் படம் அதை நீக்கிவிட்டது.

ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை மண்டியிட்டு எழுந்ததில் அனலீஸின் முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. உணவை மறுத்தார். வழிதவறிய இளைஞர்களுக்காகவும் குருக்களுக்காகவும் தன் துன்பம் பரிகாரமாகிறது என்று நம்பினார். 1976 ஜூலை 1 அன்று இறந்தபோது வயது 23. எடை சுமார் 30 கிலோ. காரணம் ஊட்டச்சத்துக் குறைவும் உடலில் நீர் வற்றியதும்.

வழக்கு 1978-இல் ஆஷாஃபன்பர்க் நீதிமன்றத்துக்கு வந்தது. பெற்றோர், இரு குருக்கள் என நால்வர்மீது கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றச்சாட்டு. ஒலிநாடாக்கள் அங்கும் ஒலித்தன. சடங்கு சட்டவிரோதமானது இல்லை, வழிபாட்டுச் சுதந்திரம் அரசியல் சாசனம் தந்தது என்று எதிர்த் தரப்பு வாதிட்டது. அரசுத் தரப்போ படத்தில் வருவதுபோல் பேயோடு மல்லுக்கு நிற்கவில்லை. இறப்பதற்கு ஒரு வாரம் முன்பு மருத்துவ உதவி கிடைத்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்றது. நீதிமன்றத்துக்கு அது போதுமானதாக இருந்தது. நால்வரும் குற்றவாளிகள். ஆறு மாதச் சிறை, அது நிறுத்திவைக்கப்பட்டு மூன்று ஆண்டு நன்னடத்தைக் காலம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அமெரிக்கக் கிரிமினல் வழக்கில் ஜூரிகள் காரணம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து ‘குற்றவாளி’ அல்லது ‘குற்றவாளி இல்லை’ என்று சொன்னால் போதும். ஜெர்மனியில் அந்த மாதிரி ஜூரி கிடையாது. நீதிமன்றம் தன் தீர்ப்புக்கான காரணத்தை எழுதியாக வேண்டும். உணர்ச்சியைக் காரணமாக எழுதுவது கடினம். கதையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதில் ஹாலிவுட்டுக்குக் கிடைத்த பெரிய வசதி இதுதான் என்று நினைக்கிறேன்.

பேயைப் பார்த்துச் சூடுபட்ட நீதிமன்றம்

அமெரிக்க நீதிமன்றங்களுக்குப் பேய் புதிதில்லை. 1692-இல் மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பலர்மீது வழக்கு நடந்தது. ‘அவளுடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது’ என்று சிறுமிகள் சொன்னதைச் சாட்சியமாக ஏற்றார்கள். அந்த நேரத்தில் ‘நான் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்’ என்று அந்தப் பெண் சொன்னாலும் பயனில்லை. வந்தது உடம்பில்லையே, ஆவியல்லவா! மறுக்க வழியே இல்லாத சாட்சியம். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். விசாரணைக்கு உடன்பட மறுத்த ஒரு முதியவர் கல்பாரம் ஏற்றிக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு அக்டோபரில் ஆளுநர் அந்தச் சிறப்பு நீதிமன்றத்தையே கலைத்தார். அடுத்து அமைந்த நீதிமன்றம் ஆவிச் சாட்சியத்தை ஒதுக்கியதும் பெரும்பாலானோர் விடுதலையானார்கள். பேயை நம்பாதவர்கள் வந்து இதை நிறுத்தவில்லை. இன்க்ரீஸ் மேதர் என்ற புகழ்பெற்ற மத குரு, பேய் உண்டு என்று உறுதியாக நம்பியவர், ஒரு நிரபராதி தண்டிக்கப்படுவதைவிடச் சூனியக்காரிகள் என்று சந்தேகிக்கப்படும் பத்துப் பேர் தப்புவது மேல் என்று எழுதினார்.

1981-இல் கனெக்டிகட் மாநிலத்தில் கொலை செய்த ஓர் இளைஞனுக்காக, அவனுக்குள் புகுந்த பேய்தான் அதைச் செய்தது என்று வாதிட அவன் வழக்கறிஞர் முயன்றார். நிரூபிக்கவே முடியாத ஒன்றைத் தற்காப்பு வாதமாக அனுமதிக்க முடியாது என்று நீதிபதி தொடக்கத்திலேயே கதவைச் சாத்திவிட்டார். ப்ரூனருக்குக் கிடைத்த சலுகை அவருக்குக் கிடைக்கவில்லை.

இவற்றைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமானது 1944-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த பல்லார்ட் வழக்கு. நோய் தீர்க்கும் தெய்வீக சக்தி தங்களுக்கு இருப்பதாக அஞ்சலில் விளம்பரப்படுத்திப் பணம் திரட்டிய ஒரு மதக் குழுவின்மீது மோசடிக் குற்றச்சாட்டு. அந்த சக்தி உண்மையா பொய்யா என்பதை ஜூரிகள் முடிவு செய்யலாகாது என்றது நீதிமன்றம். மனப்பூர்வமாக அதை நம்பினார்களா என்பதை மட்டும் பார்க்கலாம்.

இதை எமிலியின் வழக்குக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு மத நம்பிக்கை உண்மையா என்று அலசும் வேலையை நீதிமன்றம் ஏற்காது. மனப்பூர்வமாக நம்பினாரா என்று பார்க்கலாம் என்றால், மோசடி வழக்கில் அது உதவும். கவனக்குறைவு வழக்கில் உதவாது. ஏனென்றால் அங்கே அளவுகோல் அவருடைய மனம் இல்லை, சாதாரண விவேகமுள்ள மனிதரின் நடத்தை. அப்படியானால் பாதிரியாரின் உண்மையான பக்திக்குச் சட்டத்தில் இடமே இல்லையா? இருக்கிறது. தண்டனையைத் தீர்மானிக்கும் இடத்தில்.

குற்றவாளி, ஆனால் போகலாம்

கடைசியில் பாதிரியார் எமிலியின் கடிதத்தை வாசிக்கிறார். மாதா தனக்குக் காட்சி தந்ததாகவும், உடலைவிட்டு வந்துவிடலாம் அல்லது இருந்து துன்பப்படலாம் என்று தன்னிடமே விட்டதாகவும், கண்ணுக்குத் தெரியாத உலகம் உண்டு என்று மற்றவர்கள் அறிய வேண்டும் என்பதற்காகத் தான் இருக்கச் சம்மதித்ததாகவும் அதில் எழுதியிருக்கிறாள். கைகளில் உள்ள காயங்களை இயேசுவின் காயங்களாகப் பாதிரியார் காண்கிறார். வேலிக் கம்பி கிழித்ததாக இருக்கலாம் என்கிறார் தாமஸ்.

ஜூரிகள் பாதிரியாரைக் குற்றவாளி என்கிறார்கள். கூடவே, இதுவரை சிறையில் இருந்ததே தண்டனையாகப் போதும் என்று பரிந்துரைக்கிறார்கள். நீதிபதி ஏற்றுக்கொள்கிறார். பெரும்பாலான அமெரிக்க வழக்குகளில் தண்டனை நீதிபதியின் வேலை, ஜூரிகளைக் கேட்பதில்லை. அந்தச் சிறு மீறலைத் தள்ளிவிட்டால், வாதங்கள் எல்லாம் வழிதவறிப்போன இந்தப் படத்தில் தீர்ப்பு மட்டும் சட்டத்தின் தர்க்கத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. செயலைப் பார்த்துக் குற்றம், மனதைப் பார்த்துத் தண்டனை. ஆஷாஃபன்பர்க்கிலும் இதுதான் நடந்தது. அங்கே அரசுத் தரப்பே குருக்களுக்கு அபராதம் போதும், பெற்றோரைக் குற்றவாளிகள் என அறிவித்தால் போதும், தண்டிக்க வேண்டாம் என்றுதான் கேட்டிருந்தது. நீதிமன்றம் கேட்டதைவிடக் கூடுதலாகத்தான் கொடுத்தது.

இதே பெண்ணின் வாழ்க்கையைத் தழுவி 2006-இல் ஹன்ஸ் கிறிஸ்டியன் ஷ்மிட் ஜெர்மன் மொழியில் ‘ரெக்வியம்’ என்ற படத்தை எடுத்தார். பேயின் முகமோ நீதிமன்றமோ அதில் இல்லை. மரணத்தைக்கூடக் காட்டாமல் முடிந்துவிடுகிறது. நாயகியாக நடித்த சாண்ட்ரா ஹியூலர் பெர்லின் விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி விருது பெற்றார். இரண்டையும் பார்க்க முடிந்தால் ஜெர்மன் படத்தை இரண்டாவதாகப் பாருங்கள். அமெரிக்கப் படத்தில் இருட்டும் இசையும் எவ்வளவு வாதாடின என்பது அப்போது தெரியும்.

படத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கறிஞருக்குப் பணம் கொடுக்கும் உயர்மறைமாவட்டத்துக்கு இருக்கும் ஒரே கவலை, பாதிரியார் கூண்டில் ஏறிப் பேசிவிடக் கூடாது என்பதுதான். அனுமதி தரும் அதிகாரமும் மேற்பார்வை செய்யும் கடமையும் உள்ளவர்கள் விசாரணைக்கு வெளியே நிற்கிறார்கள். கிளிங்கன்பர்க் வழக்கிலும் நால்வர்தான் தண்டனை பெற்றார்கள். கையெழுத்திட்ட ஆயர் ஸ்டாங்கல் அந்த நால்வரில் இல்லை.